கூறு போட்ட கைடு

"மேடம், எந்த கைடு வாங்கலாம்?"

நூலகப் பணிக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் இந்நேரம் யாராவது இதைக் கேட்டிருப்பார்கள். கேட்காவிட்டால் அடுத்த வாரம் கேட்பார்கள். புத்தகத்துக்கு எண் போடுவது, அலமாரியில் அடுக்குவது, கரையான் வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் சேர்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை, பாதி மறந்தும் போயிற்று. இந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் எந்தப் பயிற்சியிலும் சொல்ல மாட்டார்கள்.

வடசென்னையின் கிளை நூலகங்களிலேயே என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. கதைப் புத்தகம் தேடி வந்தவர்களைவிடப் பரீட்சைக்குப் படிக்க வந்தவர்களே அதிகம். அவர்களுக்கு நூலகம் என்றால் மின்விசிறி, மேசை, சத்தமில்லாத நாலு மணி நேரம். அதோடு, எது நல்ல கைடு என்று சொல்ல ஓர் ஆள். "உங்களுக்குப் பிடிச்சதை வாங்கிக்கோங்க" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். என் கூட வேலை பார்த்த பலர் அப்படித்தான் தப்பித்தார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். காய்ச்சலோடு போய் நிற்கிறவனிடம் மருந்துக்கடைக்காரர், "பிடிச்ச மாத்திரையை எடுத்துக்கோ" என்றால் சும்மா விடுவோமா?

புளியந்தோப்பில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஒரு மூத்த நூலகர் இருந்தார். பேசவே காசு கேட்பார் போல இருக்கும், அவ்வளவு குறைவான பேச்சு. ஒருநாள் ஒரு பையன் இரண்டு புவியியல் கைடுகளைத் தூக்கிக்கொண்டு வந்து எது நல்லது என்று கேட்டான். அவர் இரண்டிலும் சென்னையின் ஆறுகள் உள்ள பக்கத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தார். ஒன்றில் அடையாறு எண்ணூரில் கடலில் கலப்பதாக இருந்தது. எண்ணூரில் கலப்பது கொசஸ்தலையாறு என்று அந்தப் பையனுக்கே தெரியும், அவன் சித்தப்பா வீடு அங்கேதான்.

"நம்ம ஊரு ஆத்தையே இடம் மாத்தி வெச்சவன், ஆப்பிரிக்கா ஆத்தை எங்க கொண்டுபோய் வெப்பான்?" என்றார் மூத்தவர். அவ்வளவுதான், கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

தெரிந்த பக்கத்தைத் திறந்து பார்ப்பது என்கிற அந்தச் சோதனையை நான் பல வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். நூற்றுக்கணக்கான பேருக்குச் சொல்லியிருப்பேன், ஒருமுறையும் அது என்னைக் கைவிட்டதில்லை. கைவிட்ட ஒரே தடவையைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

திருவொற்றியூர்ப் பக்கம் நான் பொறுப்பில் இருந்த கடைசி வருடங்களில் நாலு பேர் சேர்ந்து வருவார்கள். நாலு பேரும் வரலாற்றில் எம்.ஏ., பி.எட். முதுநிலை ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்திய வரலாறு அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பயமுறுத்தியது உலக வரலாறு. அதுவும் முதுகலைத் தரத்தில் வரும் கேள்விகள், பள்ளிப் பாடத்தை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது.

நாலு பேரில் ரஃபிதான் தலைவன். கண்டெய்னர் கிடங்கில் கணக்கு எழுதுகிறவன், குரல் பெரிது, மனசும் பெரிது. ஸ்டீபன் ராயபுரத்துப் பையன், எண்ணூரில் எண்ணெய்த் தொட்டிகள் இருக்கிற இடத்தில் ஷிப்ட் வேலை. கல்பனா விம்கோ நகரில் டியூஷன் எடுப்பவள். நாலாவது ஆள் தேவகி. திருவொற்றியூர்க் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், ஒரு சின்னத் தனியார் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள், புருஷன் விசைப்படகில் போகிறவர்.

தேவகிக்கு அதுதான் கடைசி முறை. வயதுக் கணக்கு இல்லை, மாமியார் கணக்கு. அஞ்சலையம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். நல்ல இடம், நின்று பழகிய வாடிக்கை. முட்டி தேய்ந்து நிற்க முடியவில்லை. வீட்டு ஆள் ஒருத்தர் அங்கே நிற்காவிட்டால் இடம் அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஏற்கெனவே இரண்டு தேர்வு வரைக்கும் மருமகளுக்காகப் பொறுத்துக்கொண்டார். மூன்றாவது தேர்வின்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்த தபா எழுது. வரலன்னா கூடைய எடுத்துகினு எங்கூட வந்து நில்லு. அதுக்கு மேல என்னால முடியாது." தேவகியும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டாள். மீன் விற்பதில் குறைவொன்றும் இல்லை, அந்தக் காசில்தான் அவள் எம்.ஏ.வே படித்தாள். ஆனால் அவளுக்கு வகுப்பறை வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு பெண் வாய்விட்டு, "எனக்கு இது வேணும்" என்று சொல்வது நம் பக்கத்தில் அபூர்வம். அவள் சொன்னாள்.

அவர்கள் கைடு தேர்ந்தெடுத்தபோது என்னிடம்தான் வந்தார்கள். செங்கல் கனத்தில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அட்டையில் பூமி உருண்டை, அதன் மேல் பட்டமளிப்பு உடையில் சிரிக்கும் ஒரு பெண். நான் என் சோதனையைப் போட்டேன். "தேவகி, நீ வருஷா வருஷம் நடத்துற பாடம் எது?" பிரெஞ்சுப் புரட்சி என்றாள். அந்தப் பகுதியை உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். ஒரு பிழை இல்லை. அவளுக்கே தெரியாத நாலு விஷயம் கூட இருந்தது. நாட்டுக்கு ஒரு பகுதியாக அழகாகப் பிரித்திருந்தார்கள்: பிரான்சு முழுக்க ஒரு இடத்தில், ரஷ்யா முழுக்க ஒரு இடத்தில், அமெரிக்கா, ஜெர்மனி, சீனா, ஜப்பான் என்று தனித்தனியாக. பின்னால் கொள்குறி வினாக்கள் மலை மாதிரி. நல்ல புத்தகம்தான் என்று சொல்லி அனுப்பினேன். இன்றைக்குக் கேட்டாலும் நல்ல புத்தகம் என்றுதான் சொல்வேன்.

அதை வாங்கிய கையோடு தேரடி பைண்டிங் கடைக்கு எடுத்துப்போய்க் கூறு போட்டார்கள்.

கூறு போடுவது என்றால் என்னவென்று வேறு ஊரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லவேண்டும். காசிமேட்டில் மீனைச் சிறு சிறு குவியலாகப் பிரித்து வைத்து விற்பார்கள், ஒரு குவியல் ஒரு கூறு. எங்கள் பக்கத்துப் பரீட்சைக்காரர்கள் புத்தகத்தையே அப்படிப் பிரிப்பார்கள். சேர்ந்து ஒரு கைடு வாங்கி, பைண்டிங் கடையில் முதுகை அறுத்து, பகுதி பகுதியாக்கி, ஒவ்வொன்றுக்கும் பழுப்பு அட்டை போட்டு, ஆளுக்கு ஒன்று. படித்து முடித்ததும் மாற்றிக்கொள்வார்கள். போனில் பி.டி.எஃப் இருக்கிறதே என்பீர்கள். ஸ்டீபன் வேலை பார்க்கிற இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆயிரம் பக்கப் புத்தகத்தையும் உள்ளே விடமாட்டார்கள். சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒல்லியாக ஒரு கூறு போய்விடும். இதே முறையில் படித்து எழுத்தர் தேர்வில் எங்கள் மேசையிலிருந்து எத்தனையோ பேர் வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஆகவே ரஃபி அறுத்ததை நான் தவறென்று சொல்லவில்லை, சொல்ல எனக்கு அப்போது காரணமும் இல்லை.

தேர்வுக்கு ஒரு மாதம் போல இருந்தபோது பழைய வினாத்தாள்களிலிருந்து எடுத்து ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, நாலு பேரும் நாலு மேசை. திருத்தி முடித்ததும் எனக்கே திக்கென்றது. நாலும் மோசம், அதிலும் தேவகி கடைசி.

தாளைக் கையில் கொடுத்தேன். முகம் சிவந்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன், அவளுக்குக் கோபம் வந்தது.

"மேடம், திருத்துனது சரியா பாருங்க."

"ரெண்டு தடவை பாத்துட்டேன் தேவகி."

"நான் படிக்கலன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உல கொதிக்கிற நேரத்துல கூட கையில புக்கு வெச்சிகினு நிக்கிறேன். எங்க வூட்டுக்காரு அடுப்புல உழுந்துடப் போறன்னு கத்துறாரு. பிரான்சுல ஒரு கேள்வி கேளுங்க, எத்த வேணா கேளுங்க."

கேட்டேன். தடதடவென்று சொன்னாள். ரஷ்யாவில் கேட்டேன், அதுவும் அப்படியே. அமெரிக்காவில் கேட்டேன், குறையில்லை. பிறகு இந்தத் தாளில் இவள் எங்கே விழுந்தாள்? தவறிய கேள்விகளை மட்டும் வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் ஒரே சாதிக் கேள்விகள். எது முன்னே, எது பின்னே. இங்கே இது நடந்தபோது அங்கே என்ன. இதனால் அங்கே என்ன ஆயிற்று. முதல் உலகப்போரில் ரஷ்யா புரட்சியில் சிக்கித் தடுமாறிய அதே ஆண்டில் நேச நாடுகளுக்குத் துணையாக வந்து சேர்ந்த நாடு எது என்று ஒரு கேள்வி. தேவகி ஜப்பான் என்று போட்டிருந்தாள். அமெரிக்கா எந்த ஆண்டில் போரில் இறங்கியது என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வாள். ரஷ்யப் புரட்சி எந்த ஆண்டு என்றாலும் சொல்வாள். இரண்டும் ஒரே ஆண்டு என்பது மட்டும் அவள் மனத்தில் ஒருமுறையும் வந்ததில்லை. வருவதற்கு வழியும் இல்லை. அமெரிக்கா ஒரு கூறு, ரஷ்யா ஒரு கூறு, இரண்டும் அவள் பையில் ஒன்றாக இருந்ததே கிடையாது.

எழுத்தர் தேர்வில் கணக்கு தனி, தமிழ் தனி, பொது அறிவு தனி. அறுத்தாலும் ரத்தம் வராது. உலக வரலாற்றை அறுத்தால் வரும்.

நூலகத்தில் இன்னொரு புத்தகம் இருந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் யாரோ எழுதியது, ஒல்லியாக, அட்டை வெளுத்து, யாரும் எடுக்காமல் கிடந்தது. நாட்டு வாரியாக இல்லாமல் காலத்தின் வரிசையில் போகும். ஒரு காலகட்டத்தை எடுத்துக்கொண்டால் உலகம் முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாலே வரி. வினா விடை கிடையாது. அச்சும் நின்றுபோய், கடையில் கிடைக்காது. அதையும் பிரெஞ்சுப் புரட்சிப் பக்கத்தில் திறந்து பார்த்தேன். பிழையில்லை. மூத்தவரின் சோதனையில் இரண்டு புத்தகமும் தேறின. அங்கேதான் அது என்னைக் கைவிட்டது.

அன்று சாயங்காலமே ரஃபியையும் தேவகியையும் உட்காரவைத்தேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு. அந்த வருஷம் உலகத்துல என்னென்ன நடந்ததுன்னு உங்க கைடைப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

ரஃபி தன் பையிலிருந்து ஜெர்மனியை எடுத்தான். தேவகியிடம் அந்த வாரம் சீனாவும் ஜப்பானும். கல்பனாவுக்குப் போன் போட்டார்கள், அமெரிக்கா விம்கோ நகரில் இருந்தது, கல்பனா கடைத்தெருவில் இருந்தாள்.

"ரஷ்யா யார்கிட்டடா கீது?" என்றாள் தேவகி.

"ஸ்டீபன் கையில. டூட்டிக்கு எடுத்துகினு பூட்டான்."

"போன் போடு."

"எங்க போடறது? போன் கேட்டுல கீது, ரஷ்யா உள்ள கீது. ஷிப்ட் முடிஞ்சாதான் வெளிய வரும்."

சொல்லிவிட்டு ரஃபியே சிரித்துவிட்டான். தேவகி சிரிக்கவில்லை. நான் ஒல்லிப் புத்தகத்தைப் பிரித்து அவர்கள் முன்னால் வைத்தேன். ஒரே பக்கத்தில் ரஷ்யாவில் புரட்சி, அமெரிக்கா போரில் இறங்கியது, இந்தியாவில் சம்பாரண் விவசாயிகள் போராட்டம் எல்லாம் இருந்தன. தேவகி அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினி நாளா நாம படிச்சது உலகமே இல்லடா ரஃபி" என்றாள்.

ரஃபிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா மேடம் நீங்க? பரீட்ச மூக்குக்கு நேரா வந்து நிக்கிது, இப்ப போய் புக்க மாத்த சொல்றீங்க? நீங்கதான எல்லார்கிட்டயும் சொல்வீங்க, கடைசி நேரத்துல புக்க மாத்தாதன்னு? இது இன்னா, நோட்டீஸ் மேரி கீது. இத்த நம்பி எறங்குனா பேஜாரா பூடும்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. கடைசி மாதத்தில் புத்தகத்தை மாற்றாதே என்பதை நான் சுவரில் எழுதி ஒட்டாத குறைதான். மாற்றியவர்கள் பழையதையும் விட்டு, புதியதையும் பிடிக்காமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த விதி சரியான விதி.

ரஃபி போன பிறகும் தேவகி போகவில்லை. மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தேன். அவள் மேசைக்கு மேல் இருந்ததை மட்டும் விட்டுவைத்தேன்.

"மேடம், நீங்க சொல்லுங்க. எது?"

"ரெண்டையும் பாத்துட்ட. நீதான்..."

"அப்டி சொல்லாதீங்க மேடம்." தாளை என் பக்கம் தள்ளினாள். "எல்லாரும் உன் இஷ்டம்னு சொல்றாங்க. எங்க மாமியாரு உன் இஷ்டம் எழுதுன்றாங்க, எங்க வூட்டுக்காரு உன் இஷ்டம்ன்றாரு. தோத்தா மட்டும் எல்லாம் என் தலையில. நீங்க இத்தினி வருஷமா புக்குங்க நடுவுல கீறீங்க. ஒரு தபா வாயத் தொறந்து சொல்லுங்க."

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நம் வேலை இருக்கிறது. நூலகர் பரிந்துரைக்கலாம், தீர்மானிக்கக் கூடாது என்பார்கள். நல்ல வாக்கியம். நானும் பல வருடம் அதற்குப் பின்னால் நின்றேன். என் எதிரே உட்கார்ந்திருந்தவள் தோற்றால் என் சம்பளத்தில் ஒன்றும் குறையாது, அவள் அதற்கப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைய மாட்டாள். எனக்குப் பயமாக இருந்தது.  ஆனாலும் அவள் தாள் என் முன்னால் கிடந்தது. தவறிய கேள்விகளில் இவளுக்குத் தெரியாத நாடு ஒன்றுகூட இல்லை. நாடுகளுக்கு நடுவில்தான் இவள் விழுந்திருந்தாள். கைடை விடாமல் இன்னும் ஒரு மாதம் படித்தால் அதே நாடுகள் இன்னும் நன்றாகத் தெரியும், அதே இடத்தில் மறுபடியும் விழுவாள்.

"நான் உன் இடத்துல இருந்தா மாத்துவேன்" என்றேன். "இந்த ஒல்லிப் புத்தகத்தைப் பிடிப்பேன்."

தேவகி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு எழுந்தாள். "சரி மேடம், மாத்துறேன். தோத்தா உங்கள திட்ட மாட்டேன்."

"தாராளமா திட்டு. திட்டுறதுக்காவது இங்க வா" என்றேன்.

மறுநாள் ரஃபி வந்து நின்றான். இரவெல்லாம் யோசித்திருக்கிறான், முகத்தில் தெரிந்தது. "சரி மேடம், நீங்க சொல்ற மேரியே ஆவட்டும். குடுங்க, தேரடிக்கு எடுத்துனு போய் நாலா போட்டுடறேன்."

"இதுமேல கத்தி பட்டுது, அடுத்த கூறு நீதான்" என்றேன்.

"அப்ப ஜெராக்ஸாவது?"

அதற்கும் மாட்டேன் என்றேன். ஜெராக்ஸ் எடுத்தால் நாலு பேரும் நாலு மூலைக்குப் போய்விடுவார்கள். இந்தப் புத்தகத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு நாலு வரிதான், அதை வைத்து முதுகலைக் கேள்வியைத் தொட முடியாது. மீதியெல்லாம் இவர்கள் தலையில் கூறு கூறாகக் கிடக்கிறது. ஸ்டீபன் மண்டையில் ரஷ்யா, ரஃபி மண்டையில் ஜெர்மனி. அறுத்ததை மறுபடி ஒட்டவேண்டும் என்றால் நாலு மண்டையும் ஒரே மேசைக்கு வரவேண்டும், நடுவில் இந்தப் புத்தகம் இருக்கவேண்டும். தினமும் காலையில் திறக்கிற நேரத்துக்கு முன்னாலேயே வந்து கதவைத் திறந்துவிடுவேன், இங்கேயே படியுங்கள், புத்தகம் வாசலைத் தாண்டாது என்றேன். மேலிடத்தில் யாராவது கேட்டிருந்தால் என்னிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் வாங்கியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

கல்பனா வரவில்லை. தன் கூறுகளோடும் போனில் இருந்த மாதிரித் தேர்வுகளோடும் தனியாகவே படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அமெரிக்காவைத் தேவகி எடுத்துக்கொண்டாள்.

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு உற்சாகம் வருகிறது. தேவகி சமைத்து வைத்துவிட்டு ஈரத் தலையோடு ஓடி வருவாள். ரஃபி எல்லாருக்கும் டீ வாங்கி வருவான். ஸ்டீபன் இரவு ஷிப்ட் முடித்து நேராக வருவான், கண் திறக்காது. நான் புத்தகத்தைப் பிரித்து ஒரு வருடத்தைச் சொல்வேன். அவரவர் நாடு அந்த வருடத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவரவர் எழுந்து சொல்லவேண்டும், பக்கத்து நாட்டுக்காரன் அதைக் கேட்டுவிட்டுத் தன்னுடையதைச் சொல்லவேண்டும்.

"ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு" என்றேன் ஒருநாள்.

தேவகி பிரான்சை ஆரம்பித்தாள். பாரிசில் மக்கள் தெருவுக்கு வந்து அரசனை விரட்டியதைச் சொல்லி முடித்தாள். ரஃபி விடாமல் பிடித்துக்கொண்டான். அடுத்த மாதமே வியன்னாவில் மெட்டர்னிக் தப்பித்து ஓடியதையும் பெர்லினில் தடுப்பரண் போட்டதையும் சொன்னான். தேவகி மேசையைத் தட்டினாள். "நான் பாரீசுல வெச்ச நெருப்பு இவன் வூட்ல போய் எரியுது மேடம்! இத்தினி நாளா அது அங்கியே அணைஞ்சி பூட்ச்சினு நெனைச்சினு இருந்தேன்."

அடுத்து ரஷ்யா. ஸ்டீபனிடமிருந்து பதில் இல்லை. தலை மேசையில் கவிழ்ந்திருந்தது.

"ரஷ்யா தூங்கிகினு கீது மேடம்" என்றான் ரஃபி.

"சரியான விடை. அந்த வருஷம் ஐரோப்பாவே எரிஞ்சப்ப ரஷ்யாவுல ஒண்ணும் நடக்கலை" என்றேன்.

சிரித்த சிரிப்பில் ஸ்டீபன் விழித்துக்கொண்டான். அந்தக் கேள்வி வந்தால் மூன்று பேரும் ஆயுசுக்கும் தவறவிட மாட்டார்கள். வாரக்கணக்கில் இதே மாதிரிதான். சண்டை வரும், ரஃபி கோபித்துக்கொண்டு போவான், டீயோடு திரும்பி வருவான். தேவகி ஒருநாளும் தவறவில்லை. புயல் எச்சரிக்கை விட்டுப் படகெல்லாம் கரையேறிய அன்றும் முட்டளவு தண்ணீரில் நடந்து வந்து, புடவையைப் பிழிந்துவிட்டு, "எந்த வருஷம் மேடம்?" என்றாள்.

தேர்வு நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, எழுதினார்கள், வந்தார்கள். முடிவு வெளியானபோது தேவகி தேறியிருந்தாள். ஸ்டீபன் தேறவில்லை. ரஃபி மிகக் கொஞ்சத்தில் தவறவிட்டான். தனியாகப் படித்த கல்பனா தேறினாள். ஆகவே நான் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதிரித் தேர்வில் எங்கே விழுந்தோம் என்று பார்த்து நாடுகளைத் தானே கோத்துக்கொள்ளும் மூளை கல்பனாவுக்கு இருந்தது, அவளுக்கு எந்தக் கைடும் போதும். அது முன்பே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் ஒன்றை அன்றிலிருந்து விடாமல் செய்தேன். யாராவது வந்து எந்தக் கைடு என்று கேட்டால் முதலில் புத்தகத்தைத் தொட மாட்டேன். எங்கே உட்கார்ந்து படிப்பாய், யாரோடு படிப்பாய், இதை வாங்கி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பேன். கேட்டால் முறைப்பார்கள். முறைத்தாலும் விடாதீர்கள். அதற்குப் பிறகு தெரிந்த பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.

முடிவு வந்த மறுநாள் மத்தியானம் அஞ்சலையம்மா நூலகத்துக்கு வந்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. கையில் மீன் பை, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பின்னாலேயே தேவகி, சங்கடத்தோடு. படிக்கிற கூடத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எம் மருமவள எங்கிட்டேந்து இட்டுகினு போன புக்கு எது? அத்த காமி" என்றார் என்னிடம்.

எடுத்துக் கொடுத்தேன். வாங்கி ஒரு கையில் வைத்து எடை பார்த்தார். புரட்டினார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"இவ்ளோதானா? ஒரு கூறு நெத்திலி கனங்கூட இல்ல. இத்துக்கா தெனம் காலைல என்னை டீ போட வெச்சிட்டு ஓடியாந்த?" என்று தேவகியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. "போ. போய் நல்லா சொல்லிக் குடு. பசங்கள அடிக்காத."

தேவகி என் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். தோற்றிருந்தால் அழுதிருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

மூலை மேசையில் ரஃபி உட்கார்ந்திருந்தான். முடிவு வந்ததிலிருந்து யாரோடும் பேசவில்லை. அஞ்சலையம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"நைனா, நீதான ரஃபி? கேள்விப்பட்டேன். கொஞ்சத்துல பூட்ச்சாமே. தொண்ட நல்லா கீது உனுக்கு, ஏலத்துக்கு சரியா வரும். எனுக்கு ஆளு இல்ல. எங்கூட வந்து நிக்கிறியா?"

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். ரஃபி எழுந்து நின்றான். 

"இல்லமா. இன்னொரு தபா எழுதுறேன்."

அஞ்சலையம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த புத்தகத்தை என்னிடம் தரவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் மேசை வரைக்கும் நடந்து போய் அவன் முன்னால் வைத்தார்.

"அப்ப ஒக்காரு, படி" என்றார்.

அவன் உட்கார்ந்தான். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். தேவகி முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சொல்லுடா, எந்த வருஷம்?" என்றாள்.